பழைய சீனாவில் மனிதரும் புலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனப் புலி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இரண்டு கதைகள். கல்லறைப் பக்கம் உட்கார்ந்து அழுத பெண்ணிடம் கன்பூசியஸ் கேட்ட கேள்வி ஒன்று. குடிபோதையில் புலியை அடித்தே கொன்ற வூ சுங் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை ஆயிரம் ஆண்டுப் பதிவுகள் கிடக்கின்றன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அரசாங்கத்து ஆட்கள். புலியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அவர்களுடைய தூரிகை வரியிலும் அதிகாரியிலும் போய்த்தான் நிற்கும். புலி அந்த வரிகளுக்குப் பின்னால் எங்கோ ஒளிந்திருக்கும்.

பழைய சீனாவில் அவ்வளவு புலி இருந்ததா?

இருந்தது. வடகிழக்கில் இன்று சைபீரியப் புலி என்று சொல்கிறோமே, அது. தெற்கிலும் நடுப்பகுதியிலும் தென்சீனப் புலி. இது உருவத்தில் சிறியது, ஆண் புலியே 130 முதல் 175 கிலோதான். மஞ்சள் ஆற்றுச் சமவெளி இன்று கண்ணுக்கெட்டிய வரை வயலாகக் கிடக்கிறது. 3,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே காடும் சதுப்பும் இருந்தன, யானையும் காண்டாமிருகமும்கூட இருந்தன. சௌ வம்சத்தை நிறுவ உதவிய சௌ கோமகனைப் புகழும்போது, புலி, சிறுத்தை, காண்டாமிருகம், யானை எல்லாவற்றையும் தொலைவுக்கு விரட்டியவர் என்கிறார் கன்பூசியஸ் வழிவந்த சிந்தனையாளர் மென்சியஸ். விலங்கை விரட்டி நிலம் சேர்ப்பது அரசனுக்குப் பெருமை தரும் வேலையாக இருந்திருக்கிறது.

இருப்பதிலேயே பழைய சான்று எது?

ஹெனான் மாநிலத்துப் புயாங்கில் 1987இல் தோண்டியெடுத்த ஒரு கல்லறையைச் சொல்ல வேண்டும். 6,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. இறந்தவரின் ஒரு பக்கம் டிராகன், மறுபக்கம் புலி, இரண்டும் கிளிஞ்சல்களை அடுக்கிச் செய்தவை. ஆனால் அங்கே மோதல் எதுவும் தெரியவில்லை. புலி காவலாளி மாதிரி நிற்கிறது.

மோதல் எழுத்தில் தெரிய ஆரம்பிப்பது, சௌ வம்சத்துக்கு முன் ஆண்ட ஷாங் வம்சக் காலத்துக் குறி எலும்புகளில். வேட்டைக்குப் போகலாமா என்று அரசன் முன்னோரிடம் குறி கேட்பான், கிடைத்ததைப் பின்னால் அதே எலும்பில் பொறித்து வைப்பார்கள். ஊ திங் அரசன் காலத்துக் கணக்கு ஒன்று: புலி 1, மான் 40, நரி 164, கொம்பில்லா மான் 159. அந்த ஒற்றை எண்ணைப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் மற்றவை விழுந்த வேட்டையில் புலி ஒன்றே ஒன்று, ஆனாலும் பட்டியலில் முதலில் நிற்பது அதுதான்.

கனடாவின் டொரொண்டோ நகரில் உள்ள ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்தில் ஒரு புலியின் முன்னங்கால் எலும்பு இருக்கிறது. ஷாங் வம்சத்தின் கடைசி அரசன் தீ சின், தன் ஆட்சியின் மூன்றாம் ஆண்டில் ஒரு பெரிய புலியைப் பிடித்த செய்தியை அந்தப் புலியின் எலும்பிலேயே செதுக்கி, எழுத்துப் பள்ளங்களில் நீலப் பச்சைக் கல் பதித்திருக்கிறார்கள். பிற்கால வரலாறு தீ சினைக் கொடுங்கோலனாகத்தான் காட்டுகிறது. அவனைத் தோற்கடித்த சௌ அரசன் ஊவும் சளைத்தவன் இல்லை. அவனுடைய வேட்டைக் கணக்கு என்று வந்து சேர்ந்திருப்பதில் புலி மட்டும் 22.

மனிதனை விழுங்கும் புலி வடிவில் வெண்கலப் பாத்திரம் உண்டாமே?

உண்டு, இரண்டு. ஒன்று பாரிஸில், மற்றது ஜப்பானின் கியோட்டோவில். சுமார் 35 செ.மீ. உயரமுள்ள மதுப் பாத்திரம். பின்னங்காலில் குந்திய புலி முன்னங்கால்களால் ஒரு ஆளை அணைத்திருக்கிறது. அவன் தலை அதன் திறந்த வாய்க்கு நேர் கீழே. விசித்திரம் என்னவென்றால், அவன் முகத்தில் பயமே இல்லை. கைகளால் புலியைக் கட்டிக்கொண்டு, குழந்தை மாதிரி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருக்கிறான். புலி அவனைத் தின்கிறதா, காக்கிறதா, வேறு உலகத்துக்குக் கூட்டிப் போகிறதா? அறிஞர்களுக்குள் இன்னும் முடிவில்லை. ஆன்யாங்கில் கிடைத்த 832 கிலோ எடையுள்ள பெரிய வெண்கலக் கலத்தின் கைப்பிடியிலும் இதே காட்சிதான்: இரண்டு புலி, நடுவே ஒரு மனிதத் தலை. எனக்கு இதில் தெரிவது பக்தியும் பயமும் பிரியாமல் கிடந்த ஒரு காலம்.

வெறுங்கையால் புலியை எதிர்ப்பதைக் கன்பூசியஸ் கிண்டல் செய்தாரா?

கிண்டல் இல்லை, திட்டே கொடுத்தார். "படையை நடத்தப் போனால் யாரை உடன் அழைத்துப் போவீர்கள்?" என்று சீடர் சீலூ ஆசையாகக் கேட்கிறார், தன் பெயர் வரும் என்று. புலியிடம் வெறுங்கையோடு போகிறவனையும், படகில்லாமல் ஆற்றில் இறங்குகிறவனையும், செத்தாலும் வருத்தமில்லை என்கிறவனையும் கூட்டிப் போக மாட்டேன் என்று பதில் வருகிறது. அந்தத் தொடர் இன்றும் சீன மொழியில் முரட்டுத் துணிச்சலுக்குப் பெயராக நிற்கிறது.

ஒரு சின்ன விஷயம். "வெறுங்கை" என்று நாம் படிக்கும் அந்தப் பழைய எழுத்தை எலும்புகளில் பார்த்தால் புலிக்குப் பக்கத்தில் ஒரு போர்க்கோடரி நிற்கிறது. தேரில்லாமல், தரையில் நின்று ஆயுதத்தோடு புலியை எதிர்ப்பதுதான் மூலப் பொருள் என்று எழுத்தாராய்ச்சியாளர்கள் விளக்குகிறார்கள். அதுதான் நம்பும்படியாகவும் இருக்கிறது.

கன்பூசியஸுக்கும் முந்தைய ஒரு பாட்டில், இளவரசன் ஒருவன் சட்டையைக் கழற்றிவிட்டுப் புலியைப் பிடித்து அரசவைக்குக் கொண்டுவருகிறான். கூட்டம் கொண்டாடுகிறது. அடுத்த வரியே, இதையே வழக்கமாக்கிக்கொள்ளாதே, அடிபட்டுவிடுவாய் என்று கெஞ்சுகிறது. ஃபெங் ஃபூ கதையும் இதே ரகம். புலி பிடிப்பதில் பேர்போன ஆள், பிறகு அதை விட்டுவிட்டுப் படித்த மனிதராகிறார். ஒருநாள் வண்டியில் போகும்போது, ஊர்க்கூட்டம் துரத்திய புலி மலை இடுக்கில் முதுகைக் கொடுத்து நிற்கிறது. கிட்டே போக ஆளில்லை. இவரைப் பார்த்ததும் ஓடி வருகிறார்கள். இவர் கையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டியிலிருந்து இறங்குகிறார். ஊருக்கு ஒரே மகிழ்ச்சி, படித்தவர்களோ சிரித்தார்கள் என்று முடிக்கிறார் மென்சியஸ். புலி என்ன ஆயிற்று என்று சொல்லவே இல்லை. அவருக்கு அது முக்கியமில்லை போலிருக்கிறது. அந்த ஊருக்கு முக்கியமாக இருந்திருக்கும்.

கல்லறைப் பெண் கதை என்ன?

தைஷான் மலைப் பக்கம் கன்பூசியஸ் போகிறார். ஒரு பெண் கல்லறையருகே கதறுகிறாள். விசாரிக்க ஆள் அனுப்புகிறார். மாமனாரைப் புலி கொன்றது, கணவனைக் கொன்றது, இப்போது மகனையும் கொன்றுவிட்டது என்கிறாள். ஏன் இங்கிருந்து போகவில்லை என்றால், "இங்கே கொடிய ஆட்சி இல்லை" என்று பதில். கொடுங்கோன்மை புலியைவிடக் கொடியது, நினைவில் வையுங்கள் என்று கன்பூசியஸ் சீடர்களிடம் சொல்கிறார்.

நடந்ததா என்று கேட்டால், நீதிக்காகக் கட்டிய கதை போலத்தான் இருக்கிறது. ஆனாலும் அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது. வரிக்கும் கட்டாய வேலைக்கும் தப்பியவர்கள் போய்ச் சேர்ந்த இடம் மலையடிவாரம். புலி இருந்ததும் அங்கேதான்.

புலி வேட்டைக்குச் சட்டம்கூட இருந்ததா?

பின்னாளில் சீனா முழுவதையும் ஒரே பேரரசாக்கிய சின் அரசில் எதற்குத்தான் சட்டம் இல்லை! 1975இல் ஹூபேய் மாநிலத்தில் ஒரு கீழ்நிலை அதிகாரியின் கல்லறையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள் கிடைத்தன. அந்த இடத்தின் பெயர் ஷுய்ஹுதீ, பொருள் "தூங்கும் புலி நிலம்". ஏடுகளில் ஒன்று அரச வேட்டை விதி. புலியை எய்யும் வண்டிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓர் அணி. புலி தப்பி, பிடிபடாமல் போனால் வண்டிக்கு ஒரு கவசம் அபராதம். புலி பாய வரும்போது கீழே இறங்கி எய்தும் தவறவிட்டால் அதற்கும் ஒரு கவசம். சிறுத்தை தப்பினால் கேடயம் ஒன்றோடு போயிற்று.

ஒரு கவசத்தின் விலை 1,344 காசு என்று வேறு ஏடுகளிலிருந்து தெரிகிறது. கடனை உடல் உழைப்பால் கழிப்பவருக்கு நாளுக்கு 8 காசு. அப்படியானால் ஒரு புலியைத் தவறவிட்டால் 168 நாள் உழைப்பு. எதிரே உறுமும் புலியும் பின்னால் கணக்கெழுதும் எழுத்தரும் என்று அந்த வில்லாளியின் நிலையை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

வெள்ளைப் புலிக்காக ஒரு அரசனே ஒப்பந்தம் போட்டானாமே?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சின் அரசன் ஜாவ்சியாங் காலம் (கி.மு. 306–251). ஒரு வெள்ளைப் புலி, கூடவே ஒரு புலிக் கூட்டம். சின், ஷூ, பா, ஹான் பகுதிகளில் சுற்றி ஆயிரம் பேருக்கு மேல் தாக்கியது என்று பதிவு. கொல்பவருக்குப் பத்தாயிரம் வீடுகள் கொண்ட நிலமும் நூறு எடை பொன்னும் தருவதாக அரசன் அறிவிக்கிறான். பா பகுதியின் லாங்சோங்கைச் சேர்ந்த மலைமக்கள் வெள்ளை மூங்கிலில் குறுக்குவில் செய்து, உயரமான கட்டடத்தின் மேலிருந்து எய்து கொன்றுவிடுகிறார்கள்.

கொடுக்க வேண்டிய நேரம் வந்தது. இவர்கள் சீனர் இல்லையே, இவர்களுக்கு எப்படிப் பத்தாயிரம் வீட்டு நிலம் கொடுப்பது என்று அரசன் பின்வாங்குகிறான். பதிலுக்குக் கல்லில் ஒரு உடன்படிக்கை வெட்டுகிறார்கள்: வீட்டுக்கு ஒரு அளவு நிலத்துக்கு வரி இல்லை, பத்து மனைவி வரை தலைவரி இல்லை, கொலைக் குற்றமானாலும் பணம் கட்டி மீளலாம். கடைசியில் ஒரு சத்தியம்: சின் இவர்களுக்குத் தீங்கு செய்தால் மஞ்சள் டிராகன் ஒரு ஜோடி தர வேண்டும், இவர்கள் சின்னுக்குத் தீங்கு செய்தால் தெளிந்த மது ஒரு குடம் தர வேண்டும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவன் எழுதிய பத்திரத்தில் இவ்வளவு தாராளம் இருப்பதற்கு, அந்த வில்லின் மேல் இருந்த மரியாதையும் ஒரு காரணமாக இருக்கும்.

இந்தக் கதையை அப்படியே விலங்கியலாக எடுக்க முடியாது. பா மக்களில் ஒரு பிரிவினர் தங்கள் மூதாதை இறந்தபின் வெள்ளைப் புலியானார் என்று நம்பியவர்கள். எனவே "வெள்ளைப் புலி" என்பது கலகம் செய்த ஒரு கூட்டத்துக்கான மாற்றுப்பெயராக இருக்கலாம் என்றும் படிக்கலாம். நான் இரண்டுக்கும் இடம் விட்டு வைப்பேன்.

நல்ல அதிகாரி வந்தால் புலி ஊரை விட்டுப் போய்விடுமா?

சின்னுக்குப் பின் வந்த ஹான் வம்சக் காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள், அல்லது நம்புவதாக எழுதினார்கள். சோங் ஜுன் என்பவர் ஜியூஜியாங்குக்கு ஆளுநராக வந்தார். அங்கே படுகுழியும் வேலியும் வைத்தும் சாவு நிற்கவில்லை. அவர், வடக்கே கோழியும் பன்றியும் இருப்பது போல இங்கே மலையில் புலி இருக்கிறது, மக்களை வதைப்பது உண்மையில் கொடிய அதிகாரிகள், அவர்களை நீக்குங்கள், குழிகளை மூடுங்கள், வரியைக் குறையுங்கள் என்று உத்தரவிட்டார். புலிகள் சேர்ந்து கிழக்கே ஆற்றைக் கடந்து போய்விட்டனவாம்.

நான்ஜூன் என்ற பெரிய மாவட்டத்தில் ஃபா சியோங் செய்ததும் கிட்டத்தட்ட அதேதான். மனிதர் நகரத்தில் வாழ்வது போலப் புலி காட்டில் வாழ்கிறது, பொறிகளை உடையுங்கள், காட்டுக்குள் கண்டபடி வேட்டைக்குப் போகாதீர்கள் என்று எழுதி அனுப்பினார். தாக்குதல் குறைந்ததாம். அறம் என்ற போர்வையை எடுத்துவிட்டுப் பார்த்தால் இது வேலை செய்திருக்கக்கூடிய வழிதான். காட்டுக்குள் போகும் ஆள் குறைந்தால், பொறியில் அரைகுறையாக அடிபட்டு வெறி பிடித்த புலி குறைந்தால், சாவு குறையும்.

தோங் ஹுய் இன்னும் ஒரு படி மேலே போனார். ஷாண்டோங் கடற்கரைப் பக்கம் பூசி என்ற ஊரில் ஒருவரைப் புலி கொன்றுவிட்டது. கூண்டு வைத்ததில் இரண்டு புலி சிக்கியது. இரண்டையும் நிறுத்தி, "கொன்றது நீயானால் தலைகுனிந்து ஒப்புக்கொள், இல்லையானால் உறுமி மறு" என்றாராம். ஒன்று கண்ணை மூடித் தலை குனிந்தது, அதைக் கொன்றார்கள். மற்றது அவரைப் பார்த்து உறுமிக் குதித்தது, அதை விட்டுவிட்டார்கள். பயந்துபோய் ஒடுங்கியது செத்தது, சத்தம் போட்டது பிழைத்தது என்றும் இதைப் படிக்கலாம்.

இதையெல்லாம் யாருமே கேள்வி கேட்கவில்லையா?

கேட்டார்கள். கி.பி. 27இல் பிறந்த வாங் சோங் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். மாவட்டத் தலைமை எழுத்தர் ஊழல் செய்தால்தான் புலி ஆளைத் தின்னும் என்று ஒரு நம்பிக்கை அன்று இருந்தது. அவர் பதில் இதுதான்: புலி இருப்பது மலையிலும் புதரிலும், சமவெளி நகரத்துக்கு அது வருவதே இல்லை. நீங்கள் சொல்வது சரியென்றால், சமவெளி மாவட்டத்து எழுத்தர்கள் எல்லோரும் எப்போதும் உத்தமர்கள், மலை மாவட்டத்து எழுத்தர்கள் எல்லோரும் எப்போதும் தலைவெட்டத் தகுந்தவர்கள் என்றல்லவா ஆகும்?

வாங் சோங் வாதத்தில் வென்றார் என்றால், லியூ குன் ஒரே சொல்லில் வென்றார். இவர் ஹோங்நோங் ஆளுநர். அங்கே மலைவழிச் சாலையில் புலித் தொல்லையால் பயணிகள் போக்குவரத்தே நின்றுபோயிருந்தது. இவர் வந்து மூன்று ஆண்டில் புலிகள் குட்டிகளைச் சுமந்துகொண்டு மஞ்சள் ஆற்றைக் கடந்து போய்விட்டன என்று பேச்சு. பேரரசர் குவாங்வூ கூப்பிட்டு, என்ன அறத்தைக் கடைப்பிடித்து இதைச் சாதித்தீர் என்று கேட்டார். லியூ குன், "தற்செயல்தான்" என்றார். சுற்றி நின்றவர்கள், இந்த ஆளுக்குப் பேசத் தெரியவில்லையே என்று சிரித்தார்கள். பேரரசரோ, பெரிய மனிதர் பேச்சு இது என்று அதை ஏட்டில் எழுதச் சொன்னார். பதவி உயர்வுக்கு அரிய வாய்ப்பு கைக்கு வந்தும் அப்படிச் சொன்ன ஒரு அதிகாரியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

உண்மையில் எப்படிப் பிடித்தார்கள்?

படுகுழி, கூண்டு, அப்புறம் பொறிவில். புலி நடக்கும் தடத்தில் குறுக்குவில்லை நாணேற்றி வைத்து, குறுக்கே கயிறு கட்டிவிடுவார்கள். இதில் மனிதரும் சிக்குவார்கள் என்பதால் தாங் காலச் சட்டம் (கி.பி. 653) கண்ட இடத்தில் பொறியும் குழியும் வைத்தால் 100 அடி என்றது. ஆழ்ந்த மலையிலும், கொடிய விலங்கு தொல்லை தரும் இடத்திலும் வைக்கலாம், ஆனால் எச்சரிக்கைக் குறி நட வேண்டும். நடாவிட்டால் 40 அடி.

சொகுசு வேட்டையும் இருந்தது. ஹான் பேரரசு உடைந்தபின் உருவான ஊ நாட்டின் பேரரசராகப் பின்னாளில் ஆன சுன் சுவானுக்குப் புலி வேட்டைப் பைத்தியம். 218இல் ஒரு புலி அவர் குதிரையைத் தாக்கியது. இது அரசருக்கு அழகா என்று மூத்த அமைச்சர் ஜாங் ஜாவ் கடிந்துகொண்டார். சுன் சுவான் வெட்கப்பட்டார், ஆனால் விடவில்லை. பக்கத்தில் சதுர ஓட்டை வைத்த ஒரு வண்டி செய்து உள்ளேயிருந்து எய்தார். சில விலங்குகள் வண்டியில் பாய்ந்தபோது கையாலேயே அடித்து விளையாடினாராம்.

கல்லைப் புலி என்று எண்ணி அம்பு விட்டவர் யார்?

ஹான் தளபதி லீ குவாங். புல்லுக்குள் புலி என்று எய்தார், அம்பு முனை உள்ளே போய்விட்டது, பார்த்தால் கல். மறுபடி எய்தபோது இறங்கவே இல்லை. நிஜப் புலியும் ஒருமுறை அவர்மேல் பாய்ந்து காயப்படுத்தியிருக்கிறது. அவர் கொன்ற புலியின் மண்டையைத் தலையணையாக்கி, அதன் உருவத்தை வெண்கலத்தில் வார்த்துச் சிறுநீர்ச் சட்டியாகவும் வைத்துக்கொண்டார் என்று ஒரு கதை. புலி உருவச் சிறுநீர்ச் சட்டி என்று கருதப்படும் மண்கலங்களும் பீங்கான்களும் அருங்காட்சியகங்களில் நிறைய உண்டு, பெயரே "புலிக்குட்டி". பகலெல்லாம் பயந்த ஒன்றை இரவில் இப்படித்தான் பழிவாங்கினார்கள் போலும்.

புலிக்கு வழிகாட்டும் பேய் உண்டா?

"சாங்" என்று பெயர். புலி கொன்ற ஆள் பேயாகி அதற்கே வேலைக்காரனாகிவிடுவான், முன்னால் நடந்து பொறிகளைத் தட்டிவிடுவான். தாங் காலக் கதை ஒன்றில் இப்படித் தட்டிவிட்ட பொறிவில்லை வேட்டைக்காரன் திரும்ப ஏற்றி வைக்கிறான். பின்னால் வந்த புலி செத்துவிழுகிறது. பேய்கள் ஓடி வந்து, எங்கள் தளபதியைக் கொன்றது யார் என்று ஒப்பாரி வைக்கின்றன. உங்களைத் தின்றதே அதுதானே, அதற்கா அழுகிறீர்கள் என்று திட்டு விழுகிறது. கெட்டவனுக்குத் துணைபோகிறவனைச் சீன மொழியில் இன்றும் "புலிக்குச் சாங் ஆனவன்" என்கிறார்கள்.

வூ சுங் கதை உண்மையா?

இல்லை, அது புனைவு. ஆனால் அதில் ஒட்டியிருக்கும் அரசு அறிவிப்பு நிஜம் போலவே இருக்கும்: காலை 9 முதல் பிற்பகல் 3 வரை மட்டுமே மலையைக் கடக்கலாம், அதுவும் கூட்டமாக. வூ சுங் அதைப் படித்துவிட்டு, திரும்பிப் போனால், புலி இருக்கிறது என்று முன்பே எச்சரித்த சாராயக் கடைக்காரன் சிரிப்பானே என்று மேலே ஏறினார். கொன்றது வீரம், ஏறியது வெட்கம்.

மோதல் எப்போது உச்சம்?

இரண்டு தருணங்களில். காட்டை வெட்டி மேலே மேலே வயல் ஏறியபோது. போரில் ஊர்கள் அழிந்து வயல் மறுபடி காடானபோது. இரண்டாவதற்கு 17ஆம் நூற்றாண்டு சிச்சுவான் சாட்சி. மிங் ஆட்சி விழுந்த கலவரத்தில் ஆளில்லாமல் போன ஊர்களுக்குள் புலிகள் நடமாடின.

அந்தப் புலிகள் இப்போது?

தென்சீனப் புலி 1950களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 4,000 இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். தீங்கு விலங்கு என்று சொல்லி வேட்டையாடியதிலும் காடு போனதிலும் இன்று காட்டில் ஒன்றுகூட இல்லை என்றே கருதுகிறார்கள், மிச்சம் கூண்டுகளில். வடகிழக்கில் ரஷ்ய எல்லையை ஒட்டிச் சைபீரியப் புலி மெல்லத் திரும்பி வருகிறது. 2021 ஏப்ரலில் ஹெய்லோங்ஜியாங் மாநிலத்தில் ஒரு கிராமத்துக்குள் ஆண் புலி ஒன்று வந்து, வயலில் இருந்த பெண்ணைத் தோளில் காயப்படுத்தி, ஒரு கார் கண்ணாடியையும் உடைத்தது. மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். சில வாரம் தனியாக வைத்துப் பரிசோதித்து, கழுத்தில் கண்காணிப்புப் பட்டை மாட்டி, மே மாதம் காட்டில் விட்டுவிட்டார்கள்.